சரவுண்ட் இசை வெளியீட்டின் தரத்தைக் கேட்டு எடைபோடுவது எப்படி

ஒரு சரவுண்ட் வெளியீட்டை, அதாவது கேட்பவரைச் சுற்றிப் பல ஸ்பீக்கர்களில் ஒலிக்குமாறு அமைத்த இசைப் பதிவை, குறை சொல்லும் முன், அதை ஒலிக்கச் செய்யும் அறை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு தாழொலித் தடமும்) முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நடு ஸ்பீக்கரிலிருந்து 30 பாகை விலகியும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். பிறகு பிங்க் நாய்ஸை (சோதனைக்கான சீரான இரைச்சலை) ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரே அளவில் கேட்குமாறு ரிசீவரில், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெருக்கியில், சரிசெய்யுங்கள். ஒரு வட்டில் பின்னணிக் குரல்கள் இடம் பிடிபடாமல் மிதக்கின்றன என்று நான் பல வாரம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், பின் ஸ்பீக்கர் ஒன்றின் நேர், எதிர் கம்பிகளை நானே மாற்றிச் செருகியிருந்தேன்.

தாழொலிக்கான எல்எஃப்இ தடம், ஒலிக்கும்போது 10 டெசிபல் உயர்த்தப்படும் என்ற கணக்கில் பதிவாகிறது. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ ஆகிய உயர்தர இசை வட்டுகளின் பிளேயர்களை அனலாக் உள்ளீடுகள் வழியே இணைக்கையில் சில ரிசீவர்கள் அந்த உயர்த்தலைச் செய்வதில்லை என்பதால், மெலிந்து கேட்கும் தாழொலிக்கு மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு) மீது பழி விழுகிறது.

அடுத்து, முன் ஸ்பீக்கர்களை அடக்கிவிட்டுப் பின்னாலிருப்பவற்றை மட்டும் ஒரு பாடல் முழுக்கக் கேளுங்கள். கோரஸ், தாளக்கருவி, கிட்டார் என்று ஏதேனும் தனித்துத் தெளிவாக வந்தால், கருவிகளும் குரல்களும் தனித்தனியாக உள்ள மூலப் பல்தடப் பதிவிலிருந்து மிக்ஸ் செய்திருக்க (கலந்து அமைத்திருக்க) வாய்ப்பு அதிகம். முன்னால் கேட்ட அதே ஸ்டீரியோ, சற்றுத் தாமதித்து எதிரொலி பூசி வந்தால் அது பெரும்பாலும் அப்மிக்ஸ்தான், அதாவது ஸ்டீரியோவிலிருந்தே செயற்கையாக விரித்தது. கச்சேரிப் பதிவுகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே பின்னால் அரங்கின் அதிர்வும் கைத்தட்டலும் வருவதே முறை. நடு ஸ்பீக்கரையும் இவ்வாறே தனித்துக் கேட்கலாம். பாடகரின் குரல் அதில் மட்டுமே எதிரொலியின்றி நின்றால் ஒட்டாமல் தெரியும். முன் மூன்றிலும் பகிர்ந்து வைப்பதே எனக்குப் பிடித்த முறை. நடுவைக் காலியாக விட்ட மிக்ஸ்களும் உண்டு, அது பிழையாகாது.

மாஸ்டரிங்கை ஒப்பிடும்போதுதான் காது எளிதில் ஏமாறுகிறது. டால்பி அட்மாஸ் என்ற சரவுண்ட் வடிவ இசைக்குச் சராசரி ஒலிச்செறிவு -18 எல்கேஎஃப்எஸ்ஸை (காது உணரும் உரப்பின் அலகு) தாண்டக் கூடாது என்பது விதி; அதே பாடலின் ஸ்டீரியோ அதைவிடப் பல டெசிபல் உரத்திருப்பது சாதாரணம். இரண்டின் அளவையும் சமன்செய்யாமல் கேட்டால், உரத்தது நன்றாக இருப்பதாகவே தோன்றும். கோப்பு கையில் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு தடத்தின் அலைவடிவையும் பாருங்கள்: முகடுகள் கத்தரித்தது போலத் தட்டையாக நின்றால், முகடுகளை அடக்கும் லிமிட்டரை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறார்கள். உரத்த, மெல்லிய ஒலிகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் காட்டும் டிஆர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தடங்களின் சராசரியே அந்த எண் என்பதால், ஓசை குறைந்த பின் தடங்கள் அதைத் திரித்துவிடும்.

வட்டின் ஒலி வடிவத்தை (ஃபார்மட்டை) கடைசியில் பார்த்தால் போதும். டிவிடி-வீடியோவின் டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் விநாடிக்கு 448 கிலோபிட். புளூ-ரேயின் ட்ரூஎச்டி இழப்பற்றது, அதாவது சுருக்கினாலும் ஒலித் தகவல் எதுவும் போகாது. மிக்ஸ் ஒன்றேயானால் புளூ-ரேயை வாங்குங்கள். மிக்ஸ் வேறானால், பழைய டிவிடியை விற்பதற்குள் இரண்டின் பின் ஸ்பீக்கர்களையும் ஒருமுறை தனித்துக் கேட்டுவிடுங்கள்.