பந்தின் சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

என் தம்பிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் சிமெண்ட் களம் ஒன்று இருக்கிறது. அவன் ஆடுவது பார்வையற்றோர் கிரிக்கெட். ஆறு வருடமாக அங்கே அவனுக்கு நான்தான் பந்து போடுகிறேன். சித்தூரிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் "எங்க பையனையும் சேர்க்கணும், யாரைப் பார்க்கணுங்க அக்கா?" என்று வருகிறவர்கள் முதலில் கிரிக்கெட் சங்கத்தின் போன் நம்பரைத்தான் கேட்பார்கள். நான் பந்தைக் கையில் கொடுப்பேன்.

அது கெட்டியான பிளாஸ்டிக் பந்து. உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் கிடக்கும். உருண்டால் கலகலவென்று சத்தம் வரும், நின்றுவிட்டால் ஒரு சத்தமும் இருக்காது. பிள்ளைக்கு முதலில் இதுதான் புரிய வேண்டும். எதிரெதிரே காலை அகட்டி உட்கார்ந்து பந்தை உருட்டி விடுங்கள். அவன் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கட்டும். மட்டையைத் தொடவே வேண்டாம். என் தம்பிக்கு இதற்கே ஒரு மாதம் ஆனது. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று அவன் தலை தானாகத் திரும்பிய அன்றைக்குத்தான் மட்டையைக் கொடுத்தேன்.

பந்தைக் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் தாழ்வாக வீசுவார்கள், அது தரையோடு தரையாக வரும். பிட்ச்சில் பாதித் தூரத்துக்குள் பந்து ஒருமுறையாவது தரையில் பட்டாக வேண்டும். அதனால் மட்டையைப் படுக்கவைத்துப் பெருக்குகிற மாதிரி அடிக்கும் ஸ்வீப்தான் இந்த ஆட்டத்தின் உயிர். முழங்காலை மடக்கி, மட்டை தரையை உரச அடிக்கப் பழக்குங்கள்.

போடுகிறவர் "ரெடி?" என்று கேட்பார், ஆடுகிறவர் "யெஸ்" என்பார், பந்து கையை விடும்போது "ப்ளே" என்று குரல் வரும். வீட்டிலும் இதே மூன்று வார்த்தையைச் சொல்லிப் பழக்குங்கள். நான் "வருது சாமி" என்று சொல்லியே பழக்கிவிட்டேன். முதல் மேட்ச்சில் "ப்ளே" என்ற குரல் வந்தும் அவன் என் குரலுக்காகக் காத்து நின்றான். ஸ்டம்பு சாய்ந்தது. அது முழுக்க என் தப்பு.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு, காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பனையோலை சலசலப்பும் பந்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்துவிடும். தம்பி திணறிப்போவான். அந்த மாதங்களில் விடிகாலை ஐந்தரைக்கே களத்துக்குப் போய்விடுவோம். நான் மேற்கு முனையில் நின்று போடுவேன். காற்று மேற்கிலிருந்து வருவதால் சத்தத்தை அவன் காதுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்புறம், சிமெண்ட் தரையிலேயே பழகினால் போதாது. புல்தரையில் பந்துச் சத்தம் அமுங்கிவிடும். வாரம் ஒருநாள் ஏதாவது ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ஸ்டம்புக்கு வெல்டிங் பட்டறையில் மூன்று இரும்புக் குழாயை ஒன்றாக இணைத்து வாங்கிவிடலாம். பட்டால் சத்தம் கேட்க வேண்டும், அதற்குத்தான் இரும்பு. ஆரஞ்சு பெயிண்ட் அடித்தால் கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைகளுக்கு உதவும்.

"இவனுக்குச் சுத்தமா தெரியாதே, எடுப்பாங்களா?" என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் பி1, அதாவது முழுக்கப் பார்வை இல்லாதவர்கள். குறைந்தது மூன்று பேர் பி2, அதாவது மிகக் கொஞ்சமாகப் பார்வை உள்ளவர்கள். அவர்களைவிடக் கூடுதலாக, ஓரளவு பார்வை உள்ள பி3 நான்கு பேருக்கு மேல் கூடாது. பி1 ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கு. மொத்த ஓவரில் நாற்பது சதவீதமாவது அவர்கள்தான் போட வேண்டும். உங்கள் பையன் இல்லாமல் அணியே நிற்காது.

பெண் பிள்ளை என்றாலும் கூட்டி வாருங்கள். பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை 2025 நவம்பரில் கொழும்பில் ஜெயித்தது நம் இந்தியப் பெண்கள்தான்.

சரி, இப்போது சங்கம். தேசிய அளவில் இதை நடத்துவது பெங்களூருவில் இருக்கும் இந்திய பார்வையற்றோர் கிரிக்கெட் சங்கம். நாம் நேராக அங்கே போக வேண்டியதில்லை. மாநிலச் சங்கம் வழியாகத்தான் போக வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும், பொள்ளாச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், நம் ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கிறது. அதனால் கேரளச் சங்கத்தைப் பாருங்கள். மாநில அணியில் இடம் கிடைத்தால், பார்வையற்ற ஆண்களின் மாநில அணிகள் மோதும் நாகேஷ் கோப்பையில் ஆடலாம். இந்திய அணிக்கு ஆள் தேடுகிறவர்களின் கண்ணில் படுவது அங்கேதான்.

ஊனச் சான்றிதழில் இருக்கும் சதவீதத்தை வைத்து பி1, பி2 என்று முடிவு செய்ய மாட்டார்கள். அதற்குத் தனியாகக் கண் பரிசோதனை உண்டு. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், பெயரைச் சரிபாருங்கள். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அங்கிருந்து இங்கிலீஷுக்கு மாற்றும்போது எழுத்து மாறிவிடுகிறது. ஓர் அலுவலகத்தில் தம்பியின் பெயரை அப்படி மாற்றி எழுதிவிட்டார்கள். ஆதாரோடு ஒத்துப்போகாமல் ஒரு வருட அணித் தேர்வே கைவிட்டுப் போனது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. கவுண்டரை விட்டு நகரும் முன்பே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எங்கள் களத்துக்கு வந்து பார்க்க நினைப்பவர்கள் வரலாம். செல்போனை அணைத்துவிட்டு, ஓரமாக உட்காருங்கள். பந்து ஓடும்போது மட்டும் பேசாதீர்கள்.