மேடைக்கு ஒரு தகூபா வாள்

முள்ளியவளைப் பக்கத்தில் கூத்துக்கு வாளும் முடியும் செய்து கொடுப்பவன் நான். இந்த முறை ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கு வேலை. நைஜர் நாட்டின் பில்மாவில் இருந்து அகடெசுக்கு ஒட்டகத்தில் உப்பு ஏற்றிவரும் சகாராவின் துவாரெக் மக்களின் கதை. ஆனையிறவு உப்பளம் பார்த்த பிள்ளைகளுக்குக் கதை உடனே பிடிபட்டுவிட்டது. வாள்தான் பிடிபடவில்லை. எல்லோரும் வளைந்த வாளையே கீறிக்கொண்டு வந்தார்கள்.

துவாரெக்கின் தகூபா நேரான வாள். இரண்டு பக்கமும் கூர், நுனி வட்டம். உண்மையானது ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். பிள்ளைகளுக்கு இரண்டரை அடி போதும். வேப்பம் பலகையில் வெட்டுங்கள். முதிரை வேண்டாம், கை உளையும். பிடியடியில் இரண்டு அங்குல அகலம் வைத்து, நுனிப்பக்கம் கொஞ்சம் ஒடுக்குங்கள். போத்தல் மூடியை வைத்துக் கீறி நுனியைச் சீவினால் சரி. கண்ணில் குத்துமோ என்ற ரீச்சரின் பயமும் தீரும்.

அலகின் நடுவில் நீளவாக்கில் மூன்று தவாளிப்புகள். நகவுளியால் ஒரு நூல் ஆழம் எடுங்கள், நுனிக்கு முன்பே மறையட்டும்.

பாதி வேலை பிடியில்தான். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் குறுக்கே வரும் காப்பு மெல்லிய கம்பி அல்ல, பெட்டி போலத் தடித்தது. நாலு அங்குலக் கட்டையைத் துளைத்து அலகைச் செருகுங்கள். துவாரெக் பிரபுக்கள் வெறுங்கையால் இரும்பைத் தொட விரும்பமாட்டார்களாம். அதனால் பிடி முழுக்கத் தோலோ பித்தளையோ மூடியிருக்கும். நீங்களும் மரம் தெரிய விடாதீர்கள். பழைய தோல்பையை வெட்டி பைண்டர் கம்மில் ஒட்டி, பொன்னிற பிஸ்கற் ரின் தகரத்தால் காப்பை மூடுங்கள். தகர ஓரத்தை மடித்துத் தட்டாவிட்டால் கை வெட்டும்.

வெறும் வெள்ளிப் பெயின்ற் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அது காய்ந்தபின் சிரட்டைக்கரித் தூளை எண்ணெயில் குழைத்துத் தவாளிப்பில் தேய்த்துத் துடையுங்கள். ஐரோப்பாவில் இருந்து வந்த பழைய அலகுகளைத் தலைமுறையாக வைத்திருந்தவர்கள் துவாரெக் மக்கள். பிறகு இனாடன் எனப்படும் அவர்களுடைய கொல்லர்களும், நம்மூர்க் கொல்லர் கத்தி அடிப்பதுபோல, வாகன வில்லுத்தகட்டில் அடித்தார்கள். பிடியருகே ஆணியால் இரண்டு பிறை கீறிவிடுங்கள், பல அலகுகளில் அந்த முத்திரை உண்டு.

உறைக்கு மட்டையைச் சுற்றிச் சிவப்பு ரெக்சின். தோளில் மாட்டும் வாரை, நடிகர் அங்கியும் தலைத்துணியும் கட்டி முடித்தபின் அளந்து தையுங்கள். முதலே தைத்தால் மேடையில் வாள் முழங்காலில் அடிக்கும்.