மணற்காட்டு மணற்குன்றுகளில் நடக்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆனால் கால் உளைய ஏறி இறங்க வடமராட்சியில் மணற்காட்டு மணற்குன்றுகள் இருக்கின்றன. பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே நடையைத் தொடங்கலாம்.

வெள்ளென வெளிக்கிடுங்கள், இதுதான் முக்கியம். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும், குன்றுகளில் ஒதுங்க நிழலும் கிடையாது. மணலில் கால் புதைவதால் தார் வீதியில் நடக்கும் வேகத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டாம். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீராவது வேண்டும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மணல் முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் தலைக்கு ஒரு துணியும் எடுங்கள்.

மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தைக் கட்டாயம் பாருங்கள். சுவர்களில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள். அப்புறம், சாப்பாட்டைச் சவுக்கந்தோப்பு நிழலில் வைத்துக்கொள்ளலாம்.