குடக் கணக்கு

2019 கோடையில் மடிப்பாக்கத்தில் எங்கள் போர்வெல் காற்றைத்தான் துப்பியது. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருஷம் அது. எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடு. லாரி வரும் நாளில் வீட்டுக்குப் பத்துக் குடம். வராத நாளில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். நாங்கள் நாலு பேர்.

அப்போது பழகிய முதல் விஷயம், தண்ணீரைக் குடத்தில் எண்ணுவது. பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதைக் குழாயடியில் வைத்து எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்றரை நிமிஷம். அப்படியென்றால் பல் தேய்க்கிற இரண்டு நிமிஷத்துக்கு ஒரு குடத்துக்கும் மேலே சாக்கடைக்குப் போகிறது. இதைச் சொல்லிக் காட்டிய பிறகுதான் என் வீட்டுக்காரர் ஷேவ் செய்யும்போது குழாயை மூட ஆரம்பித்தார்.

அடுத்து கழிப்பறை. ஃப்ளஷ் தொட்டியில் இரண்டு சொட்டு நீலம் விட்டு, அரைமணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் உள்ளே ரப்பர் கசிகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ராவும் பகலும் ஓடும் கசிவு இது. ரப்பரை மாற்றுவது சின்னச் செலவுதான். தொட்டி பழைய பெரிய வகையாக இருந்தால், தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடாதீர்கள், கரைந்து அடைத்துக்கொள்ளும். துணி அலசின தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் ஃப்ளஷ்ஷே தேவைப்படாது.

சமையலறையில் இரண்டு பேசின் வைத்துக்கொண்டேன். பாத்திரத்தைத் துடைத்து, சோப்பு போட்டுத் தேய்த்து முடிக்கிற வரை குழாயைத் தொடுவதில்லை. முதல் பேசினில் ஒரு முக்கு, இரண்டாவதில் ஒரு அலசு. முதல் பேசின் அழுக்கானதும் அது கழிப்பறைக்குப் போகும், இரண்டாவது முதலாவதாகும். அரிசி களைந்த தண்ணீரில் இரண்டாவது களைதலைப் புளி கரைக்க வைத்துக்கொள்வேன், மிச்சம் கறிவேப்பிலைச் செடிக்கு. ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரில் உப்பு அதிகம், செடிக்கு ஊற்றி ஒரு துளசியைக் கொன்றிருக்கிறேன். அது தரை துடைக்க மட்டும்.

குளியல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஷவரை மறந்துவிட்டு வாளியும் சொம்பும்.

பிடித்து வைக்கிற தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். குடத்தை மெல்லிய துணியால் கட்டி மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், சும்மா கொட்டினால் போகாது.

அப்புறம் மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர், நம் கணக்கில் 60 குடம்! 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் குழாய் இருந்தது, குழி இருந்தது. அந்த செப்டம்பரில் மூடியைத் திறந்து பார்த்தால் முழுக்கச் சேறு. தோண்டத் தோண்ட ஷாம்பு கவர், ஒரு கிரிக்கெட் பந்து, யாருடையதென்று தெரியாத ஒரு கரண்டி. தூர் வாரி, கூழாங்கல்லையும் மணலையும் கழுவித் திரும்பப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஐப்பசிக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். அதில் வருவது மாடித் தூசியும் காக்கா எச்சமும்தான்.