‘ஏக்கருக்கு எவ்வளவு?’ என்பது கடைசிக் கேள்வி: எரிவாயுக் குத்தகைக்குக் கூட்டாகப் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் கிழக்கு டெக்சாஸிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். ஓய்வுக்காலத்துக்கென்று அங்கே 12 ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார். பைன் மரங்களும் ஒரு குட்டையும் உள்ள இடம். ஹெய்ன்ஸ்வில் பாறைப் படிவத்திலிருந்து எரிவாயு எடுக்க ஒரு நிறுவனம் அந்தப் பக்கம் குத்தகை எழுதி வருகிறதாம். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள். “அண்ணா, ஏக்கருக்கு எவ்வளவு கேட்கலாம்?” இதுதான் அவருடைய முதல் கேள்வி. சுற்றி வளைத்து அவர் கேட்ட இரண்டாவது கேள்வியும் அதுவேதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2008-ல் டாரண்ட் கவுண்டியில், அர்லிங்டன் நகரில், எங்கள் குடியிருப்பின் 240 வீடுகள் சேர்ந்து கமிட்டி அமைத்தபோது, பள்ளிக்கூட உணவறையின் மடக்கு நாற்காலியில் நானும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் காலடியில் ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில் பார்னெட் ஷேல் இருந்தது. 1990-களின் இறுதியில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் அந்தப் பாறையைத் தண்ணீரின் அழுத்தத்தால் பிளந்து லாபத்தோடு வாயு எடுக்க வழி கண்டது. பிறகு பக்கவாட்டில் துளையிடும் முறை வந்து சேர்ந்ததும், கால் ஏக்கர் வீட்டுமனைக்கும் குத்தகைப் பத்திரத்தோடு ஆள் வரத் தொடங்கினார்கள்.

ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு இதைப் புரியவைப்பதே பெரும்பாடு. நம் ஊரில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரிமம் தருவது அரசு. பட்டாக்காரருக்கு மேல்மண்ணுக்கான இழப்பீடுதான். டெக்சாஸில் நிலத்தடிக் கனிமமும் தனியார் சொத்து. விற்கலாம், பிரிக்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து என் மாமா இதைக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அங்கே கலெக்டருக்கு என்ன வேலை?” என்றார்.

படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீலைப் பாருங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே விழும் குழிகளைச் சொல்கிறேன்.

கனிமம் நம்முடையதுதான் என்று எண்ணிக்கொள்வது

வீட்டுப் பத்திரம் கையில் இருந்தால் மேல்மண் உங்களுடையது. கனிமம் யாருடையது என்பது வேறு கதை. ஐம்பது வருடங்களுக்கு முன் அங்கே மாடு மேய்த்த குடும்பம் நிலத்தை விற்றபோது கனிமத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கலாம். மனை போட்டு விற்ற பில்டர், பத்திரத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரே வரியில் அதைத் தனக்கென்று ஒதுக்கியிருக்கலாம். எங்கள் கமிட்டி “எங்களிடம் 80 ஏக்கர் இருக்கிறது” என்று மார்தட்டிக்கொண்டு முதல் பேச்சுக்குப் போனது. எதிரில் இருந்தவர் ஒரு வரைபடத்தை விரித்தார். அதில் நான்கு தெருக்கள் மஞ்சளில் இருந்தன. அங்கே யாருக்கும் கனிமம் இல்லை. மிஞ்சியது 58 ஏக்கர். நம்முடைய கணக்கை எதிராளி நமக்குச் சொல்லித் தரும் நிலையில் பேரம் பேசவே கூடாது. கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பழைய பத்திரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்க ஆளிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

விலை இன்னும் ஏறும் என்று உட்கார்ந்திருப்பது

2008 ஜூலையில், அமெரிக்க வாயு விலைக்கு அளவுகோலான ஹென்றி ஹப் சந்தையில் (ஏறக்குறைய ஆயிரம் கன அடிக்கு) விலை 13 டாலரைத் தாண்டியது. கையெழுத்துக்கான முன்பணத்தை இங்கே போனஸ் என்பார்கள். டாரண்ட் கவுண்டியில் அது ஏக்கருக்கு 20,000 டாலருக்கு மேல் போயிற்று. எங்களுக்கு வந்த முதல் பேச்சு 18,000. இருபது கேட்போம் என்றது கமிட்டி. நானும் கை தூக்கினேன். செப்டம்பரில் வங்கிகள் சரிந்தன. வாயு விலையும் கூடவே விழுந்தது. அக்டோபரில் நாங்கள் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவே ஆளில்லை.

கூட்டமாக இருப்பதில் பலம் உண்டு. ஆனால் கூட்டத்துக்கு முடிவெடுக்க நாளாகும். எந்தத் தொகை வந்தால் வாக்கெடுப்பே இல்லாமல் கையெழுத்திடலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

டிராஃப்டைக் காசோலை என்று நினைப்பது

போனஸுக்காக நிறுவனம் தரும் டிராஃப்ட் பார்வைக்குக் காசோலை போலவே இருக்கும். ஓரத்தில் சிறிய எழுத்தில் “30 வங்கி நாட்களுக்குள், உரிமைச் சோதனைக்கு உட்பட்டு” என்று போட்டிருக்கும். அந்த முப்பது நாளில் நிறுவனம் மனம் மாறினால் அது வெறும் தாள். நீங்களோ குத்தகையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பணம் வராவிட்டால் குத்தகையும் செல்லாது என்று எழுதி வாங்குங்கள், அல்லது பணம் வரும்வரை அசல் பத்திரம் உங்கள் வக்கீலிடமே இருக்கட்டும்.

‘கழிவு கூடாது’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பதினைந்து வருடம் ஆகியும் என் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

2010-ல் வேறொரு நிறுவனம் வந்தது. போனஸ் ஏக்கருக்கு 3,000, ராயல்டி (எடுத்து விற்கும் வாயுவில் நமக்கு வரும் பங்கு) 25 சதவீதம். பதினெட்டாயிரத்தை நழுவவிட்ட அவமானத்தில் கமிட்டி இந்த முறை போனஸைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஏழு வாரம் மல்லுக்கட்டி 4,500 ஆக்கினோம். என் மனை 0.23 ஏக்கர். அந்த ஏழு வாரச் சண்டையில் எனக்கு அதிகமாகக் கிடைத்தது 345 டாலர்.

நடுவில் ஒரு கூட்டத்தில், ராயல்டியிலிருந்து செலவுகளைப் பிடிக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஆமோதித்தோம். “சேகரிப்பு, அழுத்தம், சுத்திகரிப்பு, போக்குவரத்து ஆகிய எந்தச் செலவையும் ராயல்டியிலிருந்து கழிக்கலாகாது” என்று நானே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். போனஸில் நூறு டாலர் ஏற்ற ஒரு வாரம் இழுத்தவர்கள், இந்த வாக்கியத்துக்குப் பத்து நிமிடத்தில் சம்மதித்தார்கள். நிறுவனத்தின் வக்கீல் எனக்குக் கைகூடக் கொடுத்தார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அச்சடித்த படிவத்தின் மூன்றாம் பத்தியை நாங்கள் தொடவில்லை. ராயல்டி என்பது “கிணற்றடியில் உள்ள சந்தை மதிப்பில்” 25 சதவீதம் என்று அது சொன்னது. நம் ஊரில் கிணற்றடி என்றால் துவைக்கிற கல்லும் பாசியும்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்த ஒரு சொல்லில் எங்கள் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று.

குத்தகை நெல்லை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். விளைச்சலில் நாலில் ஒரு பங்கு உங்களுக்கு என்று பேச்சு. அந்தப் பங்குக்கு எந்த இடத்து விலை? மண்டியில் விற்ற விலையா, களத்துமேட்டு விலையா? களத்துமேட்டு விலை என்றால், மண்டி விலையிலிருந்து வண்டிக்கூலி, சுமைகூலி, தரகு எல்லாம் போன பிறகு நிற்கும் விலை. அந்த விலையில் பங்கு வாங்கச் சம்மதித்துவிட்டு, “வண்டிக்கூலியை என் பங்கில் பிடிக்காதே” என்று தனியாக எழுதி வாங்கி என்ன பயன்? கூலி ஏற்கெனவே போய்விட்டது. பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையேதான் 1996-ல் ஹெரிடேஜ் ரிசோர்சஸ் வழக்கில் சொன்னது. ‘கிணற்றடி மதிப்பு’ என்று இருக்கும் குத்தகையில் ‘கழிக்கலாகாது’ என்ற வரி வெறும் மிகைச்சொல். தீர்ப்பு வந்து பதினான்கு வருடம் கழித்து, அதைக் கேள்விப்படாத நான் என் வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

விளைவு 2012 மார்ச் மாத ஸ்டேட்மென்டில் தெரிந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எங்கள் யூனிட், அதாவது ஒரே தொகுதியாகச் சேர்த்துத் துளையிட்ட நிலப்பரப்பு, 320 ஏக்கர். 0.23-ஐ 320-ஆல் வகுத்து, அதில் கால் பங்கு எடுத்தால் 0.00017969. அந்த எண்தான் என் பங்கு. நான்கு கிணறுகளிலிருந்து அந்த மாதம் ஏறக்குறைய 1,20,000 ஆயிரம்-கன-அடி வாயு. விற்ற விலை ஆயிரம் கன அடிக்கு 2.20 டாலர். என் பங்கு 47 டாலர் 44 சென்ட் என்று ஒரு கட்டத்தில் இருந்தது. அடுத்த கட்டத்தில் நான்கு குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கழித்தல் குறி. கூட்டிப் பார்த்தால் ஆயிரம் கன அடிக்கு 90 சென்ட். மிஞ்சியது, வரிக்கு முன்னால், 28 டாலர் 3 சென்ட். 25 சதவீத ராயல்டி நடைமுறையில் 15-க்கும் கீழே வந்துவிட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொண்ணூறு சென்ட் அசையவில்லை. வாயு மலிவாக விற்ற மாதங்களில்தான் அது இன்னும் ஆழமாகக் கடித்தது.

பத்தொன்பது டாலருக்கு இத்தனை புலம்பலா என்று கேட்கலாம். 58 ஏக்கருக்கும் சேர்த்துப் பாருங்கள்: அந்த ஒரு மாதத்தில் மட்டும் கூட்டத்தின் இழப்பு ஏறக்குறைய 4,900 டாலர். ஏழு வாரம் சண்டையிட்டு நாங்கள் ஏற்றிய போனஸ் மொத்தம் 87,000. உற்பத்தி வருடந்தோறும் குறையும் என்பதைக் கணக்கில் கொண்டாலும், மூன்று வருடத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கிணறுகள் இன்னும் ஓடுகின்றன.

சரி, எப்படி எழுத வேண்டும்? ‘கிணற்றடி’ என்ற சொல்லே ராயல்டிப் பத்தியில் இருக்கக் கூடாது. தொடர்பில்லாத மூன்றாம் நபருக்கு விற்று நிறுவனம் பெற்ற மொத்தத் தொகையின் மீது ராயல்டி என்று இருக்க வேண்டும். ‘தொடர்பில்லாத’ என்பது முக்கியம். தன் கிளை நிறுவனத்துக்கே குறைந்த விலைக்கு விற்றுவிட்டு அதுதான் விலை என்று காட்ட இடம் தரக் கூடாது. நாம் பேசிச் சேர்க்கும் இணைப்புத் தாளுக்கும் அச்சுப் படிவத்துக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும் என்றும் எழுதுங்கள். 2021-ல் புளூஸ்டோன் வழக்கில் நிலக்காரர்கள் வென்றது இந்த வகை வாசகத்தால்தான்: படிவம் ‘கிணற்றடி’ என்றது, இணைப்பு ‘பெற்ற மொத்த மதிப்பு’ என்றது, இணைப்பு நின்றது. “ஹெரிடேஜ் தீர்ப்பு இந்தக் குத்தகைக்குப் பொருந்தாது” என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015-ல் ஹைடர் வழக்கில் நில உரிமையாளர்கள் வென்றார்கள். ஆனால் குத்தகையில் இருந்த அப்படியொரு வரிக்கு அந்த வெற்றியில் பங்கில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தனி ஆளாகப் போய் மூன்றாம் பத்தியை மாற்று என்றால், நிறுவனத்துக்காகக் குத்தகை பேச வரும் லேண்ட்மேன் எழுந்து போய்விடுவார். 58 ஏக்கராகப் போனால் உட்கார்ந்து கேட்பார். கூட்டத்தின் பலத்தை இந்தப் பத்திக்குத்தான் செலவழித்திருக்க வேண்டும். நாங்கள் அதைப் போனஸில் கரைத்தோம்.

“எங்களை விட்டுவிட்டுத் துளையிட முடியாது”

முடியும். பல மாநிலங்களில் இருப்பதைப் போலச் சேர மறுப்பவரை எளிதில் இழுத்துச் சேர்க்கும் சட்டம் டெக்சாஸில் நடைமுறையில் இல்லை. 1965-ல் வந்த ஒன்று உண்டு, அபூர்வமாகவே பயன்படுகிறது. எனவே நாம் மறுத்தால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று தோன்றும். ஆனால் எண்ணெய், எரிவாயுவை மேற்பார்க்கும் ரயில்ரோடு கமிஷனிடம் (பெயர்தான் ரயில், இன்று அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை) கிணறு அடுத்தவர் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி 37-க்கு விலக்கு வாங்கி, குத்தகைக்கு வராத மனைகளுக்கு அருகிலேயே குழாயைக் கொண்டுபோகிறார்கள். பாறையைப் பிளந்ததில் பக்கத்து மனையின் வாயு வழிந்து வந்துவிட்டால்? அதற்காக அத்துமீறல் வழக்கில் இழப்பீடு கேட்க முடியாது என்று 2008-ல் கார்ஸா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. எங்கள் தெருவில் வீம்புக்கு நின்ற இரண்டு வீடுகளுக்கு இன்றுவரை ஒரு சென்ட் வரவில்லை.

பாதித் தெருவை மறப்பது

மனைக்கு முன்னால் உள்ள தெருவின் நடுக்கோடு வரை கனிமம் பெரும்பாலும் மனைக்காரருக்கே. அந்த ஏக்கருக்கும் பணம் கேளுங்கள்.

மேல்மண்

நிறுவனம் அதில் நுழையக் கூடாது என்று எழுதுங்கள். ஒரே வரி போதும்.

பெரிய நிலத்தில் சின்ன மூலையை மட்டும் யூனிட்டில் சேர்க்க விடுவது

வீட்டுமனைக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். என் நண்பரைப் போலப் பத்து, ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவர்கள் தாண்டக் கூடாது. உங்கள் 50 ஏக்கரில் 3 ஏக்கரை மட்டும் யூனிட்டில் சேர்த்தாலே, மீதி 47-உம் வாயு வரும்வரை, அதாவது பல பத்தாண்டுகள், குத்தகையில் கட்டுண்டு கிடக்கும். யூனிட்டுக்கு வெளியே நிற்கும் நிலத்தை முதற்காலம் (குத்தகையில் முதலில் குறித்த வருடங்கள்) முடிந்ததும் விடுவிக்கும் வாசகத்துக்கு ‘பியூ’ வாசகம் என்று பெயர். லூசியானாவின் கிரௌலி ஊர் வக்கீல் லாரன்ஸ் பியூ 1947-ல் எழுதியது. ஆழத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்: துளையிட்ட படிவத்துக்குக் கீழே உள்ளதும் விடுபட வேண்டும்.

“இது ஸ்டாண்டர்ட் படிவம் சார்”

தலைப்பில் ‘புரொடியூசர்ஸ் 88’ என்று அச்சடித்திருப்பார்கள். அதை யாரும் அச்சடிக்கலாம். உள்ளே இருப்பது ஆளுக்கு ஆள் வேறு.

கமிட்டிக்காரர் தனியாகக் கையெழுத்திடுவது

எங்கள் கமிட்டியிலும் ஒருவர் இருந்தார். எல்லாரையும் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் முதல் வாரமே போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்கு அதிகம் கொடுத்தால் எனக்கும் அதே தொகை என்ற வாசகத்தை எல்லார் பத்திரத்திலும் சேர்த்திருந்தால் இந்தத் தந்திரம் செல்லாமல் போயிருக்கும். அவர் இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். பார்த்தால் தலையசைப்போம்.

ஸ்டேட்மென்டைக் குப்பையில் போடுவது

பன்னிரண்டு டாலர் காசோலையோடு வரும் நான்கு பக்கத் தாளை யாரும் பிரிப்பதில்லை. பிரியுங்கள். யூனிட்டின் ஏக்கர், உங்கள் ஏக்கர், ராயல்டி விகிதம் மூன்றையும் வைத்து அந்த நீளமான தசம எண்ணை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஏழு வீடுகளுக்கு அது தவறாக இருந்தது. இங்கே ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட நான்கு வருடம்தான் கெடு. நாங்கள் கண்டுபிடித்தபோது ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.