காட்டுப் பாதைக்கு ஸ்டெப்னி: எதை, எங்கே, எப்படி மாட்டுவது

கல் பாதையில் டயர் வீணாவது பெரும்பாலும் ஆணி குத்தி அல்ல, பக்கச் சுவர் கிழிந்துதான். பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கும்போது டயர் இரண்டு பக்கமும் பிதுங்கும். கூரான கல் அந்த இடத்தில்தான் வெட்டும். அங்கே பஞ்சர் குச்சி நிற்காது, சீலன்ட் திரவமும் அடைக்காது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் இந்தியாவில் விதி மாறியது. ஊருக்குள் ஓட்ட அது போதும். இமாச்சலத்தில் கிராம்பூவிலிருந்து பத்தல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறுபவர் முழு அளவு ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பவே கூடாது.

அளவில் சமரசம் வேண்டாம். மாருதி ஜிம்னியில் கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. வண்டியை உயர்த்தி 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. நான்கை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழையதாகவே விட்டால் 40 மி.மீ. வித்தியாசம். ஒரே அச்சில் இப்படி இரண்டு அளவு ஓடினால் டிஃபரன்ஷியலின் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) பல்சக்கரங்கள் நேர் பாதையிலும் ஓயாமல் சுழன்று சூடேறும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதைச் சக்கரம் வழுக்குவதாக எடுத்துக்கொள்ளும். டயர் வாங்கும்போதே ஐந்தாக வாங்குங்கள். அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டு உட்காரும் வாய் வேறாக இருக்கலாம். ஸ்டெப்னி இரும்பு ரிம் என்றால் அதற்குரிய நட்டுகள் ஒரு செட் தனிப் பையில் இருக்கட்டும்.

அடுத்தது மாட்டும் இடம். மஹிந்திரா தார், ஜிம்னி போல பின்கதவில் தொங்குவது எனக்குப் பிடித்த இடம்: சேற்றில் புதைந்தாலும் கைக்கு எட்டும். ஆனால் ரிம்மோடு சேர்ந்து சுமார் 20 முதல் 35 கிலோ வரை வரும் எடை ஒவ்வொரு குலுக்கலிலும் கீலை இழுக்கிறது. கதவை மெல்லச் சாத்திப் பாருங்கள். பூட்டும் கொக்கியில் உட்காரும் கடைசி நொடியில் கதவு மேலே ஏறி அமர்ந்தால், கொக்கியின் மேற்பக்கத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளத்தால், கீல் தொய்ந்துவிட்டது என்று பொருள். பெரிய டயர் போடுபவர்கள் கீலுக்கு வலுவூட்டும் தகடு வைக்க வேண்டும். இல்லையென்றால் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பொருத்தும் தனித் தாங்கிக்கு மாற வேண்டும். டயர் கதவின் ரப்பர் கட்டைகளில் அழுத்தி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் ஆடும். ஆட்டம்தான் கதவுத் தகட்டை வெடிக்க வைக்கிறது. முதல் 50 கி.மீ.க்குப் பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், கரடுமுரடான பாதையில் தினமும் ஒருமுறை.

வண்டிக்கு அடியில் தொங்குவது சிக்கலானது. பின்பக்கம் சேற்றில் இறங்கிவிட்டால் அதை வெளியே இழுக்கவே முடியாது. இறக்கும் கேபிளும் மண் ஏறித் துருப்பிடித்து இறுகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுதாக இறக்கி, கழுவி, கிரீஸ் தடவி ஏற்றுங்கள். கூரையில் கட்டினால் வண்டியின் பாரம் மேலேறி, சரிவில் கவிழும் ஆபத்து கூடும். இரண்டாவது ஸ்டெப்னிக்கு வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அங்கே; கேரியரின் எடையையும் சேர்த்து மேனுவல் சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் வைத்தால் படுக்கவைத்து, ரிம் ஓட்டை வழியாக இரண்டு ராட்செட் பட்டைகளை (நெம்பி இறுக்கும் நாடா) விட்டு, தரையில் போல்ட் போட்ட இரும்பு வளையங்களில் கட்டுங்கள். பிளாஸ்டிக் கொக்கி தாங்காது.

காற்று: சாலையில் ஓட்டும் அழுத்தத்தைவிட 5 பி.எஸ்.ஐ கூடுதலாக அடித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். மணலில் மற்ற டயர்கள் 18 பி.எஸ்.ஐ.யில் இருந்தால் மாட்டியபின் இதையும் இறக்கிச் சமப்படுத்தலாம். இறக்குவது ஒரு நிமிட வேலை, ஏற்றுவதுதான் கஷ்டம். டயரின் பக்கச் சுவரில் DOT (டாட்) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் வெயிலில் தொங்கும் ரப்பரும் கிழடாகும். ஆறு வயது தாண்டிய ஸ்டெப்னியை நம்பிப் போகாதீர்கள். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் இல்லையென்றால் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை அதையும் சுழற்சியில் சேருங்கள்: ஸ்டெப்னி வலது பின்னுக்கு, வலது பின் வலது முன்னுக்கு, வலது முன் இடது பின்னுக்கு, இடது பின் இடது முன்னுக்கு, இடது முன் ஸ்டெப்னிக்கு.

மாற்றும்போது ஜாக்கிக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட், ஓரடிச் சதுரம். இல்லாவிட்டால் ஜாக்கி மண்ணுக்குள் போய்விடும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி அதன்மேல்தான் உட்காரும். பழைய சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். டயரைக் கையால் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்: மண்வெட்டியின் தகட்டை டயருக்கு அடியில் செருகி, பிடியை நெம்பினால் ஓட்டைகள் போல்ட்டுக்கு நேராக எழும்பும். நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர்.

கிழிந்த டயரின் மண்ணைத் தட்டிவிட்டு அதே தாங்கியில் அதே இறுக்கத்தில் மாட்டுங்கள். கையில் வேறு ஸ்டெப்னி இல்லையென்றால் பஞ்சர் கடை இருக்கும் பக்கமாக வண்டியைத் திருப்புங்கள்.