பழைய லாரியில் புகைக்கசிவு: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரம் ஓடியதும் அடங்கிவிடுகிறது. வால்வு சத்தம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பகுதி மேனிஃபோல்டு. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் தகடான பேக்கிங்கில் புகை கசிந்தாலும் இப்படித்தான் கேட்கும். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். ஆகவே இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சோதியுங்கள்.

வண்டியைத் திறந்தவெளியில் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கூரைக் கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. கேபினில் தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

முதலில், கிளப்புவதற்கு முன்பே டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருக்கும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, இன்ஜினைக் கிளப்பி, உதவிக்கு ஒருவரைக் கையுறையோடு ஈரச்சாக்கால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் பாதியளவு மூடச் சொல்லுங்கள். கசிவு உரக்கச் சீறும். நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்பு இணைப்பாக நகர்த்துங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகக் கூடாது.

குழாய் இணைப்பில் கசிந்தால் கிளாம்பை மாற்றினால் போதும். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்யுங்கள். பசை பூசுவது ஊர் போய்ச் சேரும்வரைதான் தாங்கும்.

மேனிஃபோல்டு என்றால் பொறுமை வேண்டும். துருநீக்கும் எண்ணெயை நட்டுகளில் முந்தைய இரவே விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் அரைச்சுற்று தளர்த்தி, கால்சுற்று திருப்பி முறுக்கி, மீண்டும் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் முறுக்கி, நட்டு ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டை ஒடித்துவிட்டு லேத் பட்டறைக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழற்றியதும் மேனிஃபோல்டு, இன்ஜின் இரண்டின் முகப்பையும் பழைய பேக்கிங் துணுக்கு இல்லாமல் சுரண்டுங்கள். நேரான இரும்பு ஸ்கேலை மேனிஃபோல்டின் மேல் குறுக்கே வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அது வளைந்திருக்கிறது. பட்டறையில் கொடுத்து முகப்பை மட்டப்படுத்தாமல் பேக்கிங் போடுவது வீண்செலவு.

பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி அதே இடத்தில் காது வையுங்கள்.